ஆறாவது பொருள் ஏன் 128 ஆச்சு?

எட்டாவது படிக்கும்போது எங்க ஸ்கூல் வேன்ல ஒரு செய்தி பரவுச்சு. போக்கிமான் ஃபயர்ரெட் கேம்ல, வெர்மிலியன் நகரத் துறைமுகத்துல ஒரு லாரி நிக்குதாம். அதைத் தள்ளினா அடியில மியூ இருக்குமாம். மியூ யாருன்னு தெரியாதவங்களுக்கு: முதல் தலைமுறைப் போக்கிமான் மொத்தம் 151. அதுல 151-ஆவதுதான் மியூ. மத்ததெல்லாம் விளையாடியோ நண்பனோட மாத்திக்கிட்டோ சேர்த்துடலாம். மியூ மட்டும் எந்தப் புல்லிலும் எந்தக் குகையிலும் வராது.

அப்பா போன்ல எமுலேட்டர் போட்டு, ராத்திரி போர்வைக்குள்ள உக்காந்து, நீந்திப் போய்ப் பார்த்தேன். லாரி இருந்துச்சு. தள்ளினேன், நகரல. பக்கத்துல தேடினப்போ ஒரு லாவா குக்கி கிடைச்சுது. திங்கிற பண்டம். அவ்வளவுதான். மறுநாள் வேன்ல 'மியூ பிடிச்சிட்டேன்'னு சொன்னேன். ஏழு வருஷம் கழிச்சு இங்க ஒத்துக்கிறேன்: பொய்.

அந்த வதந்திக்கு என்னைவிட வயசு அதிகம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 90-களில் வந்த ஒரிஜினல் ரெட், ப்ளூ கேம்ல இருந்தே அந்த லாரி அங்க நிக்குது. அதுக்கு அடியில எதுவும் கிடையாது. 2004-ல ஃபயர்ரெட் பண்ணும்போதுதான் அங்க ஒரு குக்கியை ஒளிச்சு வச்சாங்க. வதந்தி காதுக்கு எட்டித்தான் வச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இந்த மாதிரி ரகசியங்களை இப்போ ரீல்ஸ்ல அரை நிமிஷத்துக்குப் பத்துன்னு அள்ளி வீசுறாங்க. 'இந்த கேம்ல உங்களுக்குத் தெரியாத 10 விஷயங்கள்.' நானும் பார்ப்பேன். 'அடடே'ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குத் தள்ளிடுவேன். நீங்களும் அப்படித்தான்னு தெரியும், மெஸ்ல எல்லார் போன்லயும் அதே பின்னணி இசைதான் கேக்குது.

என் கருத்து இதுதான். இந்தத் துணுக்குகள்ல நிறைய, யாரோ ஒரு புரோகிராமர் பண்ணின தப்பு, இல்லைன்னா அவசரத்துல விட்டுட்டுப் போன மிச்சம். 'ஏன் இப்படி ஆச்சு?'ன்னு ஒரு படி உள்ளே போனா, நாலு வருஷமா ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின விஷயம் முதல் தடவையா புரியும். அதோட, நாம புராஜெக்ட் ரிப்போர்ட்ல எதை மறைக்கிறோம்ங்கிறதும் புரியும். எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது. அது கொஞ்சம் சங்கடமான கதை, கடைசில சொல்றேன்.

300 பைட்

முதல்ல மியூ. லாரிக்கு அடியில இல்லைன்னாலும், மியூ கேமுக்குள்ள நிஜமாவே ஒளிஞ்சிருந்துச்சு. வதந்தி இடத்தைத்தான் தப்பா சொல்லுச்சு.

போக்கிமான் ரெட், கிரீன் ரெண்டும் ஜப்பான்ல 1996 பிப்ரவரி 27-ல வெளியாச்சு. உருவாக்கினது கேம் ஃப்ரீக் கம்பெனி, சதோஷி தஜிரி தலைமையில, கிட்டத்தட்ட ஆறு வருஷ வேலை. ஓடினது கேம் பாய்ல. 8-பிட் பிராசஸர், வேகம் சுமார் 4 மெகாஹெர்ட்ஸ், வேலை பார்க்க 8 கேபி ரேம். கேம் இருந்த கேட்ரிட்ஜ் 512 கேபி. நம்ம ஹால் டிக்கெட் பிடிஎஃப்கூட சில சமயம் அதைவிடப் பெருசு.

அந்த 512 கேபியும் நிரம்பி வழிஞ்சுது. வேலை முடியுற நேரத்துல, டெஸ்டிங்குக்காக வச்சிருந்த டீபக் பகுதிகளை எடுத்தாங்க. அப்போ சுமார் 300 பைட் காலியாச்சு. ஷிகெகி மோரிமோட்டோங்கிற புரோகிராமர் அந்த இடத்துல மியூவைச் சொருகினார். இதெல்லாம் அவங்களே பின்னாடி பேட்டியில சொன்னது.

300 பைட் எவ்வளவுன்னு நமக்குப் புரியுற மாதிரி சொல்றேன். யூடிஎஃப்-8-ல ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'தமிழ்'ங்கிற சொல்லை எடுத்துக்கோங்க: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஐந்து குறியீடு, 15 பைட். ஆக 300 பைட்ல 'தமிழ்'னு இருபது தடவை எழுதலாம், நடுவுல இடைவெளிகூட விடாம. அந்த இடத்துல ஒரு போக்கிமான்.

இதுல என்னை நிறுத்தினது வேற. டெஸ்டிங் முடிஞ்ச பிறகு கோடைத் தொடக் கூடாதுன்னு நமக்கே சொல்லித் தர்றாங்க. அவர் தொட்டார். வெளியாட்களுக்குக் காட்டுற நோக்கம்கூட அப்போ இல்ல. ஆனா கேமில் இருந்த ஒரு பிழையால சில பேருக்கு மியூ தானாவே வெளிப்பட்டுச்சு. ஊர் பூரா பேச்சு. அதுக்கப்புறம் கோரோகோரோங்கிற சிறுவர் பத்திரிகை மூலமா ஒரு போட்டி வச்சு, 20 பேருக்கு மட்டும் மியூ கொடுத்தாங்க. கேம் விற்பனை அதுக்குப் பிறகுதான் சூடு பிடிச்சுது.

மோரிமோட்டோ பண்ணினது சரியா? என்னைக் கேட்டா, இல்ல. அதிர்ஷ்டம். இன்னிக்கு அதை நினைச்சுக்கூடப் பாக்க முடியாதுன்னு அவரே சொல்லியிருக்கார். நான் மதிக்கிறது அவர் அதைச் சொன்னதை. சொல்லாம விட்டிருந்தா, 'எல்லாம் முன்னாடியே திட்டமிட்ட விளம்பர உத்தி'ன்னு ஒரு கதை கட்டியிருப்பாங்க, நாமளும் நம்பியிருப்போம்.

பேப்பர், பேனா எடுங்க

இப்போ எனக்குப் பிடிச்ச தப்பு. பேர் மிஸ்ஸிங்நோ.

1998-ல அமெரிக்காவுக்கு வந்த ரெட், ப்ளூ கேம்ல விரிடியன் நகரத்துல ஒரு தாத்தா இருப்பார். போக்கிமான் பிடிக்கிறது எப்படின்னு செஞ்சு காட்டுவார். அதைப் பார்த்துட்டு நேரா சின்னபார் தீவுக்குப் பறந்து போய், கிழக்குக் கரையை ஒட்டி மேலயும் கீழயும் நீந்தினா, சிதைஞ்ச பிக்சல் கட்டை மாதிரி ஒண்ணு எதிர்ல வரும். அதைப் பார்த்த உடனே உங்க பையில ஆறாவதா இருக்கிற பொருள் 128 அதிகமாயிடும். அதனால எல்லாரும் ரேர் கேண்டியை ஆறாவது இடத்துல வச்சுட்டுப் போவாங்க.

ரீல்ஸ் இதோட முடிஞ்சிடும். நாம தொடருவோம்.

தாத்தா பிடிச்சுக் காட்டும்போது திரையில அவர் பேர் வரணும். கேம் என்ன பண்ணுதுன்னா, உங்க பேர் இருந்த இடத்துல தாத்தா பேரை எழுதுது. உங்க பேரைத் தற்காலிகமா வேற எங்கயாவது வைக்கணுமே? எட்டே கேபி ரேம்ல இடம் ஏது. அதனால, 'இந்த ஏரியா புல்லுல எந்தெந்தப் போக்கிமான் எந்த லெவல்ல வரும்'ங்கிற பட்டியல் இருக்கிற இடத்துல உங்க பேரைப் போட்டு வைக்குது. சாதாரணமா இதுல ஒரு ஆபத்தும் இல்ல. அடுத்த புல்வெளிக்குப் போனதும் புதுப் பட்டியல் மேல வந்து உக்காந்துடும்.

சின்னபார்ல புல்லே இல்ல. அதனால பட்டியல் மாறாது. ஆனா அந்தக் கிழக்குக் கரையோரக் கட்டங்களை மட்டும் கேம் நிலம் மாதிரி நினைச்சு, புல் பட்டியலைப் போய்ப் படிக்குது. அங்க இருக்கிறது உங்க பேர். உங்க பேரோட எழுத்துகளையே போக்கிமானா, லெவலாப் படிக்குது. அந்த கேம்ல ஆங்கில முதல் எழுத்து ஏ-க்கு எண் 128. அதனாலதான் லெவல் 100-க்கு மேல போகக் கூடாத கேம்ல 128, 130-ன்னு லெவல் வச்ச ஜந்துக்கள் வரும். ஆளுக்கு ஆள் வேற வேற போக்கிமான் வந்ததுக்கும் காரணம் இதுதான். ஒவ்வொருத்தர் பேரும் வேற.

சரி, ஆறாவது பொருள் ஏன்? இங்கதான் பேப்பர் வேணும்.

ஒரு போக்கிமானைப் பார்த்ததும் 'பார்த்தாச்சு'ன்னு ஒரு பிட்டை 1 ஆக்கணும். 151 போக்கிமானுக்கு 151 பிட். 19 பைட்டில் அடங்கிடும், 19 × 8 = 152. போக்கிமான் எண் 1-ல தொடங்குது, பிட் எண் 0-ல தொடங்குது. அதனால கேம் முதல்ல 1-ஐக் கழிக்குது. மிஸ்ஸிங்நோவுக்கு எண் 0. பூஜ்யத்துல 1 போனா? 8-பிட்ல மைனஸ் கிடையாது, சுத்தி வந்து 255 ஆயிடும். ஆக கேம் 255-ஆவது பிட்டைத் தேடிப் போகுது. 255-ஐ 8-ஆல வகுங்க: ஈவு 31, மீதி 7. அதாவது 31-ஆவது பைட்டோட 7-ஆவது பிட்.

பட்டியல்லயோ மொத்தமே 19 பைட், 0-ல இருந்து 18 வரைக்கும். அதைத் தாண்டி நினைவகத்துல அடுத்து இருக்கிறது உங்க பை. 19-ஆவது பைட்: பையில எத்தனை வகைப் பொருள்னு ஒரு எண். அதுக்கப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு பைட், முதல்ல எது, அடுத்து எத்தனை. 20 முதல் பொருள், 21 அதோட எண்ணிக்கை. 22, 23 ரெண்டாவது. 24, 25 மூணாவது. 26, 27 நாலாவது. 28, 29 அஞ்சாவது. 30 ஆறாவது பொருள். 31? ஆறாவது பொருளோட எண்ணிக்கை. அதுல 7-ஆவது பிட்டை 1 ஆக்கினா 2-இன் 7-ஆவது அடுக்கு. 128.

இதை நான் முதல் தடவை எண்ணி முடிச்சப்போ ராத்திரி ரெண்டு மணி. ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். திட்டினான். ஆனா மறுநாள் அவனே உக்காந்து எண்ணிப் பார்த்தான்.

யோசிச்சுப் பாருங்க. இன்டிஜர் ஓவர்ஃப்ளோ, அரே எல்லை தாண்டுறது, ஒரே நினைவகத்தை ரெண்டு வேலைக்குப் பயன்படுத்துறது. மூணுமே நமக்கு சிலபஸ்ல இருக்கு. மூணுக்கும் நான் டெஃபனிஷன் எழுதி மார்க் வாங்கியிருக்கேன். மூணும் எனக்குத் தெரியாதுங்கிறது ஒரு பிக்சல் கட்டை சொல்லித்தான் தெரிஞ்சுது.

இன்னும் சில தப்பு

மத்ததை வேகமா சொல்றேன்.

அந்த கேம்ல 100 சதவீதம் படும்னு எழுதியிருக்கிற அடிகூட 256-ல ஒரு தடவை தவறும். துல்லியத்தை 255-ன்னு வச்சிருந்தாங்க. 0-ல இருந்து 255 வரைக்கும் ஒரு ரேண்டம் எண் எடுத்து, அது துல்லியத்தைவிடக் குறைவா இருந்தா அடி படும். 'குறைவு அல்லது சமம்'னு இருந்திருக்கணும். 255 வந்தா கதை முடிஞ்சுது. ஒரே ஒரு குறியீடு. ஸ்விஃப்ட்ங்கிற அடி மட்டும் இந்தச் சோதனையையே தாண்டிப் போறதால தப்பவே தப்பாது. அடுத்த தலைமுறையான கோல்டு, சில்வர்ல இதைச் சரிபண்ணிட்டாங்க.

ஃபோகஸ் எனர்ஜி போட்டா பலமான அடி விழுற வாய்ப்பு கூடணும். நிஜத்துல கால்வாசியா குறையும். பெருக்க வேண்டிய இடத்துல வகுத்துட்டாங்க. காசில்லாம பேய் வகை அடி சைக்கிக் வகையைப் பலமாத் தாக்கும்னு கேமுக்குள்ள இருக்கிற ஆளே சொல்வார். கோட்ல அது ஒண்ணும் பண்ணாதுன்னு இருக்கு. எழுதினவங்களுக்கும் கோட் பண்ணினவங்களுக்கும் நடுவுல என்னமோ விட்டுப்போச்சு. நம்ம டீம்ல நடக்காததா என்ன?

சத்தத்துலயும் ஒரு சிக்கனம் இருக்கு. 151 போக்கிமானுக்கும் அடிப்படைக் குரல் 38 தான். அதையே சுருதி ஏத்தி இறக்கி, நீளத்தைக் கூட்டிக் குறைச்சு வச்சிருக்காங்க. அட்டையில கம்பீரமா நிக்கிற சாரிஸார்டுக்கும், பாறைத் தோல் ரைஹார்னுக்கும் முதல் கேம்ல அச்சு அசல் ஒரே குரல்.

கேமுக்குள்ள போக்கிமான்களுக்கு இன்னொரு ரகசிய வரிசை இருக்கு, டெக்ஸ் எண்ணுக்கு சம்பந்தமே இல்லாதது. மொத்தம் 190 இடம். முதல் இடம் புல்பசாருக்கு இல்ல, ரைடானுக்கு. முதல்ல வரைஞ்சது ரைடானைத்தான்னு வடிவமைப்பாளர் கென் சுகிமோரியே சொல்லியிருக்கார். 190-ல 151 போக மிச்சம் 39 இடமும் காலி. அந்த 39 காலி இடத்துக்கும் பேர் மிஸ்ஸிங்நோ. பழைய வீட்டுச் சுவர்ல ஆணி அடிச்ச ஓட்டை மாதிரி. அங்க ஏதோ படம் மாட்டியிருந்தாங்கன்னு மட்டும் தெரியும்.

மியூவுக்கு அந்த வரிசையில 21-ஆவது இடம். 2003-ல ரசிகர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு சண்டையைப் பாதியில விட்டுப் பறந்து போய், ஸ்பெஷல் மதிப்பு 21 இருக்கிற ஒரு ஸ்லோபோக்கோட சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்தா, கேம் அந்த 21-ஐயே போக்கிமான் எண்ணா எடுத்துக்கிட்டு மியூவைக் கொண்டுவந்து நிறுத்தும். கேம் வந்து ஏழு வருஷம் கழிச்சு, லாரியும் இல்லாம போட்டியும் இல்லாம, யார் வேணும்னாலும் மியூ பிடிக்கலாம்னு ஆச்சு. எனக்கும் இப்போ வயசு 21. வேன்ல சொன்ன பொய்யைப் போன மாசம்தான் உண்மையாக்கினேன்.

துணுக்கு பெருத்துப் போறது

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கை மாறி மாறி வரும்போது துணுக்கு ஊதிப்போகும். நீங்க கேட்டிருப்பீங்க: 'கோல்டு, சில்வர்ல இடம் பத்தல, சதோரு இவாட்டா தனி ஆளா வந்து எல்லாத்தையும் சுருக்கிக் கொடுத்தார், அதனாலதான் பழைய கான்டோ உலகம் முழுசும் உள்ளே வந்துச்சு.' கேக்க நல்லாத்தான் இருக்கு.

உருவாக்கினவங்க சொன்னது இவ்வளவுதான்: இவாட்டா அப்போ ஹால் லேபரட்டரி தலைவர், கேம் ஃப்ரீக் ஊழியர்கூட இல்ல. படங்களைச் சுருக்குறதுக்கான கருவியை எழுதிக் கொடுத்தார். மோரிமோட்டோ எழுதின சண்டை புரோகிராமை, கோடை மட்டுமே படிச்சுப் பார்த்து, சுமார் ஒரு வாரத்துல நின்டெண்டோ 64-க்கு மாத்தினார். இதுவே போதாதா? ஆவணம் இல்லாம இன்னொருத்தர் எழுதின கோடைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறது எவ்வளவு கொடுமைன்னு மினி புராஜெக்ட் பண்ணின எல்லாருக்கும் தெரியும். அவரை மந்திரவாதி ஆக்கினதுல அவர் பண்ணின நிஜமான வேலை மறைஞ்சுபோச்சு.

நான் மேல சொன்ன கணக்கை எல்லாம் நம்ப வேண்டாம், சரிபாருங்க. ரசிகர்கள் அந்த கேமைப் பிரிச்சு, அசெம்பிளி கோடா, விளக்கக் குறிப்போட பொதுவுல வச்சிருக்காங்க. முதல் வாரம் தலை சுத்தும். அப்புறம் பழகிடும்.

கீழ்த்தொட்டி

இப்போ அந்தச் சங்கடமான கதை.

எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட், ஹாஸ்டல் கீழ்த்தொட்டியில தண்ணி மட்டம் அளந்து மோட்டாரைத் தானா ஓட்டுறது, நிறுத்துறது. சீனியர் பேட்ச் பண்ணினதை எடுத்து மேம்படுத்தினோம். அவங்க ரிப்போர்ட் அருமையா இருந்துச்சு. சோதனை முடிவுகள் அட்டவணை, கிராஃப், எல்லாம் பச்சை டிக். மூடியில அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டினோம். அது தண்ணி எவ்வளவு கீழே இருக்குன்னு சென்டிமீட்டர்ல சொல்லும். எண் சின்னதா இருந்தா தொட்டி நிறைவு, பெருசா இருந்தா காலி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொட்டி கிட்டத்தட்ட வறண்டு கிடந்துச்சு. எங்க சிஸ்டம் 'நிறைஞ்சிருக்கு'ன்னு சொல்லி மோட்டாரைப் போட்டுடுச்சு. தண்ணி இல்லாம மோட்டார் கத்துற சத்தம் கேட்டு வாட்ச்மேன் அண்ணாதான் ஓடி வந்து மெயினை அணைச்சார். 'தம்பி, இந்த மோட்டார் புகைஞ்சுதுன்னா முந்நூறு பிள்ளைங்களுக்குக் குளிக்கத் தண்ணி கிடையாது'ன்னு மட்டும் சொன்னார். அதுக்குமேல ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

சென்சார் மாத்தினோம். வயர் மாத்தினோம். இன்னொரு சென்சார் வாங்கினோம். மூணு வாரம் போச்சு. காலித் தொட்டியில ஒவ்வொரு தடவையும் சென்சார் அளவு 4 செ.மீ., 5 செ.மீ.-ன்னே வந்துச்சு. டேப் வச்சு அளந்தா 260.

அந்த மிஸ்ஸிங்நோ கணக்கு போட்ட ராத்திரிக்கு மறுநாள் லேப்ல அந்த 4-ஐப் பார்த்தேன். 260-ல 256 போனா 4. சீனியர் கோட்ல தூரத்தை 8-பிட் மாறியில வச்சிருந்தாங்க. 255 தாண்டினா சுத்தி வந்துடும். லேப்ல வாளி வச்சு டெஸ்ட் பண்ணியிருப்பாங்க; வாளியில எங்க 255 வரும்?

தெரியாம பண்ணியிருந்தா நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு இருந்துச்சு, தங்கிலீஷ்ல: 250 மேல போனா தப்பா வருது, டெமோவுக்குப் போதும். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை இல்ல.

கோபம் வந்துச்சு. ரெண்டு நாள்தான். ஏன்னா எங்க சிஸ்டத்துலயும் ஒண்ணு இருக்கு. விடியக்காலையில தொட்டி மூடியில ஈரம் கோத்து, சென்சார் முகத்துல துளி நின்னா, அளவு கண்டபடி குதிக்குது. சராசரி எடுத்து ஓரளவு சமாளிச்சிருக்கோம். முழுசா சரியாகல. ரிப்போர்ட்ல அந்த நேர அளவுகளை அட்டவணையில சேர்க்காம விட்டிருந்தோம். அட்டவணையை டைப் பண்ணினது நான்தான்.

டீம்ல நாலு பேர். எழுதணும்னு நான் சொன்னேன். ஒருத்தி சரின்னா. மத்த ரெண்டு பேரும், 'வைவால நாமளே குழி வெட்டிக்கணுமா?'ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. ஒருத்தனுக்கு மார்க் நிஜமாவே முக்கியம், வேலைக்கான ஆர்டர்ல குறைஞ்சபட்ச சிஜிபிஏ போட்டிருக்கான்.

இன்னொரு எதிர்வாதமும் வந்துச்சு: 'கேம்ல தப்பு இருந்தா சிரிச்சுட்டுப் போயிடலாம். நிஜ மெஷின்ல தப்பைக் கொண்டாட முடியுமா?' முடியாது. 1985-ல இருந்து 1987 வரைக்கும் தெராக்-25-ங்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை மெஷின் ஆறு விபத்துகள்ல நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு கொடுத்துச்சு, உயிர்கள் போச்சு. அதுல இருந்த பிழைகள்ல ஒண்ணு, ஒரு பைட் மாறி 255 தாண்டிப் பூஜ்யமாகி, அந்த நேரத்துல ஒரு பாதுகாப்புச் சோதனை நடக்காமலே போனது. மிஸ்ஸிங்நோவும் எங்க கீழ்த்தொட்டியும் அதுவும் ஒரே குடும்பம். தெராக் பற்றி இன்னிக்கு உலகம் முழுக்க இன்ஜினியரிங் மாணவர்கள் படிக்கிறாங்கன்னா, யாரோ தோண்டி எடுத்து, வரி வரியா எழுதி வச்சதாலதான். நான் கேக்குறதும் அதுதான். கொண்டாட வேண்டாம், எழுதி வைங்க.

1996-ல போக்கிமான் பண்ணினவங்க விட்ட தப்பை இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேலா முகம் தெரியாத ரசிகர்கள் பைட் பைட்டா தேடி எழுதியிருக்காங்க, காசு வாங்காம. நம்ம லைப்ரரி மூணாவது மாடியில பைண்ட் பண்ணி அடுக்கியிருக்கிற ரிப்போர்ட்டுகளைப் போய்ப் புரட்டிப் பாருங்க. நான் ஒரு மத்தியானம் முழுக்க இருபது, முப்பது புரட்டினேன். 'எது வேலை செய்யல'ன்னு ஒரு அத்தியாயம்கூட என் கண்ணுல படல. எல்லா புராஜெக்ட்டும் முதல் தடவையே சரியா ஓடியிருக்கு. நம்புறீங்களா?

அதனால ஒரு சின்ன வேண்டுகோள், முக்கியமா தேர்டு இயர் மக்களுக்கு. அடுத்த வருஷம் உங்க ரிப்போர்ட்ல முடிவுரைக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் விடுங்க. தலைப்பு என்ன வேணும்னாலும் வைங்க. எது ஓடல, எந்த அளவுக்கு மேல தப்பும், எதைச் சரிபண்ண நேரம் இல்ல, இது மட்டும். துறைத் தலைவர்கள் இதைப் படிச்சா, அந்தப் பக்கத்துக்கு அஞ்சு மார்க் கொடுக்கிற மாதிரி ரூப்ரிக்கை மாத்துங்க. மார்க் இருந்தா எழுதுவோம், எங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா.

எங்க டீம் ரிப்போர்ட் போன புதன்கிழமை பைண்டிங்குக்குப் போயிடுச்சு. 47-ஆவது பக்கத்துல ஈரத்துளி பற்றி எட்டு வரி இருக்கு. காலை 5-ல இருந்து 7 வரைக்கும் வந்த அளவுகளோட அட்டவணையும் இருக்கு. மோட்டார் தண்ணி இல்லாம ஓடின சனிக்கிழமையும் இருக்கு. சிஜிபிஏ கவலைப்பட்டவன் கடைசி வரைக்கும் முனகிட்டே இருந்தான், ஆனா அந்த அட்டவணையில ஒரு எண் தப்பா இருந்ததைக் கண்டுபிடிச்சுத் திருத்தினது அவன்தான்.

வைவா அடுத்த வாரம். மார்க் குறைஞ்சா அடுத்த இதழ்ல அதையும் எழுதுறேன்.